யாருக்குச் சொன்ன ‘அல்லாஹ்’?

பார்தோ, துனிஸ்
1 மார்ச் 2021

ஃபௌஸி,

உன் போன் கெட்டுப்போகவில்லை, அதைத் தட்டித் தட்டிப் பார்க்காதே. நான்தான் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். நானும் பல்லை இளித்துவிட்டு, வைத்த பிறகு என்னையே திட்டிக்கொள்வேன். மின்னஞ்சலில் உன் குரல் வராது. எழுது, படிக்கிறேன்.

சனிக்கிழமை கச்சேரியைப் பற்றித்தான். நீ ஓமனில் உட்கார்ந்து இணையத்தில் பார்த்தது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமா, பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மர்ஸாவில் அந்தச் சின்ன அரங்கை நீ மறந்திருக்க மாட்டாய். நாம் வாசித்த நாளில் ஜன்னல் கட்டையில்கூட ஆள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நோய்க்குப் பயந்து ஒருவரையும் உள்ளே விடவில்லை, நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். மேடையில் மடியில் ஊத் வாத்தியத்தோடு நான், செல்லோவோடு வஹீதா, தோல்பைக் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷாத்லி அண்ணன், பியானோவில் துர்ரா. எதிரே மூன்று கேமராவும் அதை இயக்கும் நிஸாரும். பார்க்கிறவர்கள் எழுதுவது எங்களுக்குத் தெரிந்தால் தெம்பாக இருக்கும் என்று நிஸார் மேடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய திரையை வேறு வைத்துவிட்டான். நல்லது செய்வதாக நினைப்பு.

முதலில் என் ஆலாபனை. ராஸ்த் ராகத்தில் ஆரம்பித்து, நன்றாகவே போயிற்று என்று நினைக்கிறேன். சுற்றிச் சுற்றிக் கீழ்த் தந்திக்கு வந்து முடித்தேன். சபை இருந்தால் வாய்விட்டு ‘அல்லாஹ்’ என்று சொல்லும் இடம். அங்கே அது வரவில்லை என்றால் வாசிக்கிறவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் மாட்டாள், இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டது ஒரு தும்மல். கேமராவுக்குப் பின்னாலிருந்து நிஸார். திரையைப் பார்த்தேன், காலி. உன் பெயரைத் தேடினேன், அதுவும் இல்லை.

அடுத்து துர்ரா தனியாக ஆரம்பித்தாள். அந்த லியோன் ஊர் ஜாஸ். அவள் நாலு கட்டையைத் தொடுவதற்குள் திரை கொட்ட ஆரம்பித்துவிட்டது. யாருடைய பெயர் முதலில் வந்தது தெரியுமா? ‘ஃபௌஸி: அல்லாஹ்!’ அதன் கீழே மறுபடி, ‘ஃபௌஸி: கைக்கு ஆயுசு நூறு! இன்னொரு தடவை!’ அவள் திரையைப் பார்த்தாள், சிரித்தாள், அதே வரியை இன்னொரு தடவை வாசித்தாள். நீ கேட்டாய், அவள் கொடுத்தாள். நான் ஊத் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, கேமரா பார்க்கிறதே என்று சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த உற்சாகத்தில் அவள் நீட்டிக்கொண்டே போனாள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒன்று வாசித்ததோடு எங்களுக்குக் கொடுத்த நேரம் தீர்ந்தது. கடைசியில் நான் பாடுவதாக இருந்த கெஃப் மலைப் பாட்டு நடக்கவே இல்லை. அதற்காகத்தான் என் தொண்டை குளிர்காலம் முழுக்க வெந்நீர் குடித்தது.

முடிந்ததும் துர்ரா என்னிடம் வந்து என்ன சொன்னாள் கேள்: “உன் வீட்டுக்காரருக்கு ஜாஸ் இவ்ளோ புடிக்கும்னு தெரியாமப் போச்சே எம்னா. அப்பல்லாம் பியானோன்னாலே காத தூரம் ஓடுவாரு.”

அப்பல்லாம்! உன் அம்மா இனிப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போன காலத்தைச் சொல்கிறாள். அவள் படிக்கப் போகிறேன் என்று பிரான்ஸுக்குக் கப்பலேறிய காலம். உன் அம்மா இன்னமும் என் எதிரிலேயே ‘அந்தத் துர்ராப் பொண்ணு’ என்று பெருமூச்சு விடுகிறாள். எல்லாம் தெரிந்தும் அவளைக் குழுவில் சேர்த்தது நான். நீ விட்டுப்போன நாற்காலி காலியாக இருந்தது, அவளும் வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தாள். என் புத்தியை எதால் அடித்துக்கொள்வது?

அடுத்த கச்சேரி ஏப்ரல் பத்தாம் தேதி. அவள் வாசித்தால் நான் இல்லை. ஜூனில் நீ விடுமுறைக்கு வரும்போது எந்த வீட்டுக்கு வருவது என்பதையும் இப்போதே யோசித்து வை.

எம்னா


நிஸ்வா, ஓமன்
4 மார்ச்

என் எம்னா,

‘என்’ என்று போட அனுமதி உண்டா தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் வேறு யாரோ ஒரு ஃபௌஸிக்கு எழுதியது போலவே இருந்தது. நான் துர்ராவுக்கா சொன்னேன்? சனிக்கிழமை பள்ளிக்கூடத்துச் சங்கீத அறையைத் திறந்து வாங்கி, அங்கே இருக்கிற நல்ல ஒலிபெருக்கியில் கணினியை மாட்டி, மத்தியானத்திலிருந்து காத்திருந்தேன். ‘அல்லாஹ்’ என்று முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டு, விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். நீ கீழ்த் தந்திக்கு இறங்கினாய். அந்தக் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து, போனால் போகிறது என்பது போல விட்டாயே, அங்கே அழுத்தினேன். வாயாலும் கத்தினேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குடியிருக்கும் எகிப்துக்காரர், கணக்கு வாத்தியார், யாரோ செத்துப்போனார்கள் என்று செருப்பில்லாமல் ஓடி வந்தார். “யாருப்பா, யாரு?” என்கிறார். “என் பெண்டாட்டி ராஸ்த் வாசிக்கிறா, உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். அவர் சாட்சி. வேண்டுமானால் அவரிடமே கேள்.

அதன் பிறகு ‘கைக்கு ஆயுசு’ என்று எழுதியதும் உன் கைக்குத்தான். துர்ராவின் கைக்கு ஆயுசு கேட்க அவள் அப்பா இருக்கிறார்.

திரையில் எப்படி வந்தது, எப்போது வந்தது, எனக்குத் தெரியாது. நான் சரியான இடத்தில் சொன்னேன். அதில் மட்டும் நான் தவறியதில்லை.

இப்போது என் குறையையும் கேள். நான் வயலினை முழங்காலில் நிறுத்தி உட்காரும் இடம் உனக்கு இடது பக்கம். அங்கே அந்தக் கறுத்த பியானோவை நுழைத்து, அதன் மூடியைத் திறந்து வைத்து, அதற்குப் பின்னால் அவள். கேமரா உன்னைக் காட்டும்போதெல்லாம் நீ அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாய். என்னைப் பார்த்து மேடையில் அப்படிச் சிரித்திருக்கிறாயா? இங்கே நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தேசிய கீதத்தில் தாளம் தட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வயிறு எரியும்.

ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பா தீர்ந்துவிட்டது. இது ஒரு தகவல், அவ்வளவுதான்.

ஃபௌஸி


பார்தோ
10 மார்ச்

ஃபௌஸி,

உன் கடிதம் வந்த அன்று ‘பொய்’ என்று ஒரே வார்த்தை எழுதினேன். அனுப்பப் போகிற நேரம் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. அனுப்பாமல் போனதும் நல்லதுதான்.

ஒத்திகையில் ஷாத்லி அண்ணன் தன் மனைவி மொங்கியாவைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். கச்சேரியில் அவர் குழல் வாசிக்க எழுந்தபோது மேல்சட்டைப் பொத்தான் அவிழ்ந்து தொப்பை வெளியே தெரிந்ததாம். வீட்டிலிருந்து பார்த்த மொங்கியா அக்கா உடனே திரையில் எழுதியிருக்கிறாள்: ‘பொத்தானைப் போடுங்க, மானம் போகுது.’ ஆனால் அது வந்தது அவர் வாசித்து முடித்து, உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கும்போது. “உக்காந்தப்புறம் சொல்லி என்ன புண்ணியம்? எங்க வீட்ல எப்பவும் எல்லாம் லேட்டாத்தான் சொல்லுவா, அதனால நான் பெரிசா எடுத்துக்கலை” என்கிறார். மொங்கியா அக்காவோ பார்த்த அந்தக் கணமே எழுதியதாகச் சத்தியம் செய்கிறாளாம்.

எனக்கு எங்கேயோ பொறி தட்டியது. நிஸாரைப் பிடித்துக் கேட்டேன். அவன் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறான்: “படம் இங்கருந்து கிளம்பி எங்கெங்கயோ சுத்திட்டுத்தானக்கா அவங்களுக்குப் போகும். அரை நிமிஷம் ஆகும், சமயத்துல கூடவும் ஆகும். நான் சொல்லலை?”

சொல்லவில்லை. அடப்பாவி, சொல்லவே இல்லை.

ஆக, நான் முடித்தது உன் காதில் விழும்போது இங்கே துர்ரா ஆரம்பித்துவிட்டாள். உன் ‘அல்லாஹ்’ அவள் தலையில் விழுந்தது. ஊர் முழுக்க எனக்குச் சொன்னதை அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. திரையில் ‘இன்னொரு தடவை’ என்று வந்தால் யார்தான் வாசிக்க மாட்டார்கள்?

சரி, உன்னைத் திட்டியதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ‘பெரும்பகுதி’ என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி.

ஏனென்றால் எனக்கு அதோடு விட மனம் வரவில்லை. பதிவையும், திரையில் வந்தது வந்தபடி இருப்பதையும் நிஸாரிடம் வாங்கிவந்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். ஷாத்லி அண்ணனின் பொத்தான்தான் என் அளவுகோல். அவர் எழுந்ததற்கும் மொங்கியா அக்கா திட்டியதற்கும் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு பின்னால் தள்ளித் தள்ளி உன்னுடையதை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் அழகாக நான் முடித்த இடங்களில் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் உட்காரும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதவே கூடாது என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் உட்காரவில்லை. நாங்கள் நால்வரும் சேர்ந்து வாசிக்கும்போது வந்தது, அதனால் அன்று யாருமே கவனிக்கவில்லை. அதைத் தள்ளிப் பார்த்தால் துர்ராவின் தனி வாசிப்பு முடியும் இடத்துக்கு வருகிறது. எந்த இடம் தெரியுமா? தெரியும் உனக்கு. நம்முடைய அந்தப் பாதிச் சுரம் பியானோவில் கிடையாது. அவள் அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிற இரண்டு கட்டையையும் சேர்த்து மெதுவாக அழுத்தி, ஒன்றை மட்டும் முதலில் விட்டாள். இல்லாத சுரம் ஒரு கணம் காதுக்குள் கேட்டது. அந்த இடத்துக்கு நேராக உன் பெயர். ஆச்சரியக்குறி இல்லை, கை இல்லை, ஆயுசு இல்லை. வெறும் ‘அல்லாஹ்’.

மற்றதெல்லாம் மனைவிக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. இது மட்டும் தன்னை மறந்து வந்தது மாதிரி இருக்கிறது.

இல்லை என்று சொல், நம்பிவிடுகிறேன்.

எம்னா


நிஸ்வா
14 மார்ச்

எம்னா,

இல்லை என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். எகிப்துக்காரர் தேநீர் கொண்டுவந்தார், குடித்தேன், மறுபடி அழித்தேன்.

அது அவளுக்குத்தான்.

அடித்து வைத்திருக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பியானோவிலிருந்து அந்தச் சுரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்ததும் கை போய்விட்டது. அங்கே துர்ரா இல்லாமல் ஒரு கழுதை உட்கார்ந்து அதை அழுத்தியிருந்தாலும் எழுதியிருப்பேன். என் அம்மாவின் இனிப்புப் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? ஸ்ஃபாக்ஸில் அந்த விழாவில் நான் யாரோ எவரோ. நாலாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ முடித்ததும் இறங்கி நேராக என்னிடம் வந்து, “நீங்கதானே சரியான எடத்துல சொன்னீங்க?” என்று கேட்டாய். பிறகு உன் அக்காவிடம், இந்த ஆள் யார் வாசித்தாலும் சரியான இடத்தில்தான் வாயைத் திறக்கிறான், இவனை நம்பலாம் என்று சொன்னாயாம். அக்கா கல்யாணத்தன்று என்னிடமே சொன்னாள். யார் வாசித்தாலும் என்றுதான் சொன்னாய். அப்போது அது உனக்குப் பிடித்தது. இப்போது அந்த வாயைக் கட்டிப்போடச் சொல்கிறாய்.

கோபம் வந்தால் திட்டு. ஆனால் பொய் சொல்லச் சொல்லாதே. இதில் பொய் சொல்ல ஆரம்பித்தால் உனக்குச் சொன்னதெல்லாமும் செல்லாக்காசாகிவிடும்.

ஃபௌஸி


பார்தோ
20 மார்ச்

ஃபௌஸி,

ஸ்ஃபாக்ஸை இழுக்காதே. அங்கே நான் சொன்னது யார் வாசித்தாலும் என்றுதான், ஒப்புக்கொள்கிறேன். அன்று உன்னை எனக்குச் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. சொந்தமான பிறகு ஒருத்திக்கு எல்லாமே வேறு மாதிரிதான் கேட்கும்.

இங்கே வேறொன்று நடந்துவிட்டது. நிஸாருக்கு நாக்கு நீளம். அரை நிமிடத் தாமதக் கதையை வஹீதாவிடம் சொல்லிச் சிரிக்கும்போது துர்ராவும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பியானோ மூடியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.

“அப்ப எனக்குன்னு யாருமே சொல்லலியா?” என்றாள்.

ஷாத்லி அண்ணன்தான், “எனக்கு மட்டும் யாரு சொன்னா? பொத்தானைப் போடுன்னுதான் சொன்னாங்க” என்று ஏதோ சமாளித்தார்.

அவள் என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போனாள். லியோனில் அவளை அரபுப் பெண் என்று கூப்பிட்டு அரபு மாதிரி வாசி என்பார்களாம். இங்கே வந்தால் பிரெஞ்சுக்காரி என்கிறார்களாம். அன்றைக்குத் திரையைப் பார்த்தபோதுதான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தாளாம், வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குக் கையெழுத்துப் போட்டதால் அதை மட்டும் வாசித்துவிட்டு விலகிக்கொள்வதாகச் சொன்னாள். கிளம்பும்போது கேட்டாள்:

“நீ பதிவ உக்காந்து பாத்தியாமே. ஒண்ணே ஒண்ணாவது எனக்கு இருந்துதா?”

“நான் கவனிக்கலை” என்றேன்.

போய்விட்டாள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நடந்து ரயிலடிக்கு வந்து, சுடச்சுட ஒரு பாம்பலூனி வாங்கித் தின்றேன், கையெல்லாம் சர்க்கரை. நான் சொன்ன ‘அவள் வாசித்தால் நான் இல்லை’ என்பதற்கு இனி வேலையே இல்லை. அவளே போகிறாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல முடியும்?

எம்னா


நிஸ்வா
23 மார்ச்

எம்னா,

அவளிடம் சொல்லிவிடு.

உன்னை எனக்குத் தெரியும். பாம்பலூனி தின்றது அன்றைக்கு. இப்போது உனக்கு அது செரித்திருக்காது.

நான் துர்ராவுக்காகப் பரிந்து பேசவில்லை. நம் குழுவைப் பற்றிப் பேசுகிறேன். வயலினும் ஊத்தும் மட்டும் வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் கல்யாண வீடுகளில் மென்றுகொண்டிருந்ததை அவள் வந்து வேறொன்றாக ஆக்கியிருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தாலும் காது கெட்டுப்போகவில்லை. அவள் போனால் ஜூனில் நான் என் நாற்காலியில் வந்து உட்காரலாம், எனக்கு லாபம்தான். அப்படியும் சொல்கிறேன்.

ஒரு வாசிக்கிறவளுக்கு வந்த ஒரே ஒரு ‘அல்லாஹ்’வை இன்னொரு வாசிக்கிறவள் மறைக்கலாமா? உன் வாயில் வராது என்றால் நானே அவளுக்கு இரண்டு வரி எழுதிவிடுகிறேன்.

ஃபௌஸி


பார்தோ
24 மார்ச்

எழுது. தாராளமாக எழுது. அதே கையோடு உன் அம்மாவுக்கும் எழுதி, ஹல்ஃபாவீனில் மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல். ஜூனில் நீ அங்கேதான் இறங்க வேண்டியிருக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எம்னா


நிஸ்வா
30 மார்ச்

எம்னா,

எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை.

உனக்குப் பயந்து இல்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பயந்துதான். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. என்னிடமிருந்து அவளுக்கு அந்த வரி போனால், போகிற வழியிலேயே அது வேறு ஏதோ ஆகிவிடும். அவள் அதை வேறு விதமாகப் படிப்பாள், நீ வேறு விதமாகப் படிப்பாய், என் அம்மா காதில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். அது சங்கீதத்துக்குச் சொன்னதாகவே இருக்க வேண்டுமென்றால் நான் வாயை மூடிக்கொள்வதுதான் சரி.

பத்தாம் தேதி பார்ப்பேன். எகிப்துக்காரரும் வருகிறார், பேரீச்சம்பழம் கொண்டுவருகிறாராம். அன்று நான் எதுவும் எழுத மாட்டேன். உனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி.

ஃபௌஸி


நிஸ்வா
11 ஏப்ரல்

எம்னா,

நேற்று கையைத் தொடைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். மரத்துப்போய்விட்டது.

நீங்கள் அந்தத் திரையை எடுத்துவிட்டீர்கள் என்று உன் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எதையும் தேடாமல் வாசித்தாய். கெஃப் பாட்டை நீ எடுத்தபோது எகிப்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம் ஊர் அரபு அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் துடைத்தார்.

பிறகு துர்ரா. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் மாதிரி மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சுத்தமாக வாசித்தாள், ஆனால் யாரோடும் பேசாமல் பாத்திரம் கழுவி வைப்பது போல வாசித்தாள். கடைசியில் அந்த இரண்டு கட்டைக்கு வந்தாள். அழுத்தினாள், ஒன்றை விட்டாள்.

அந்தக் காலி அரங்கில் ஒரு குரல்: “அல்லாஹ்!”

தொண்டையிலிருந்து வரவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. யார் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. கேமரா திரும்பியது. நீ. ஊத் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. துர்ராவின் கை கட்டைமேல் அப்படியே நின்றது. உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ கண்ணைத் திறக்காமலே, “இன்னொரு தடவ, துர்ரா” என்றாய். அவள் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள். அதற்குப் பிறகு அவள் வாசித்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ பக்கத்தில் இருந்தாய்.

அரை நிமிடம் தாமதமாகத்தான் எனக்கு வந்தது. பரவாயில்லை. அழுதேன், எகிப்துக்காரரைக் கட்டிக்கொண்டேன், அவர் பேரீச்சம்பழக் கையால் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இன்று காலையில் அந்த நெஞ்சில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ரொட்டி இறங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் அதட்டினேன்.

எம்னா, நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருடம் வாசித்திருக்கிறேன். பிஸர்தாவில் அந்தக் கல்யாணத்தில் என் வயலினுக்கு மாப்பிள்ளை எழுந்து நின்று தொப்பியைத் தூக்கிப் போட்டான். கேரவானில் அந்த விழாவில் கிழவர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நீ ஒரு தடவைகூட எனக்கு ‘அல்லாஹ்’ என்று சொன்னதில்லை. அப்படிக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு தடவை? இல்லை. அவளுக்குச் சொல்லிவிட்டாய்.

நான் ஒரே ஒரு தடவை அவளுக்குச் சொன்னதற்கு நீ மூன்று வாரம் என்னை வறுத்தெடுத்தாய். இப்போது நான் கேட்கிறேன். எனக்கு ஏன் சொன்னதில்லை? அப்படி ஒன்றும் வாசிக்கவில்லை என்றால் அதையும் நேராக எழுதிவிடு.

ஃபௌஸி


பார்தோ
13 ஏப்ரல்

ஃபௌஸி,

இன்று முதல் நோன்பு. பசியோடு எழுதுகிறேன், இனிப்பாக எதுவும் வராது.

முதலில் துர்ரா. நான் சொல்லப் போகிறேன் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. முதல் கச்சேரியிலேயே அந்த இடத்தில் எனக்கு வாய் திறந்தது. கடித்து மூடிக்கொண்டேன். போன மாதம் முழுக்க உன்மேல் எரிந்ததில் பாதி அதுதான், எனக்கு வந்து நான் விழுங்கியதை நீ தூரத்தில் இருந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டாய். இந்தச் சனிக்கிழமை விழுங்க முடியவில்லை. முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “நீ சொன்னா உண்மையாத்தான் இருக்கும். உனக்குத்தான் என்னக் கண்டாலே ஆகாதே” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். விலகவில்லை. செவ்வாய், வியாழன் ஒத்திகைக்கு வருகிறாள். எனக்கு அவளைக் கண்டால் இன்னும் ஆகாதுதான்.

உன்னுடைய அந்த ஒன்றைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என்னுடையது ஒன்று அவளுக்குப் போதும். உன்னுடையது என்னிடம் இருக்கட்டும்.

இப்போது உன் கேள்வி. பதிலை நீ தாங்குவாயா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

பிஸர்தாவில் மாப்பிள்ளை தொப்பியைத் தூக்கிப் போட்டபோது நான் சொன்னேன். கேரவானில் கிழவர்கள் கத்தினார்களே, அதற்கு முன்னால் சொன்னவள் நான். ஸூஸாவில் ஒரு தடவை, உன் அப்பா காலமான வருடம் நீ வாசித்தபோது ஒரு தடவை. நீ வில்லைத் தூக்கியதும் உன் முகம் சபைப் பக்கம் போய்விடும். முதல் வரிசையில் யார், கடைசி வரிசையில் யார், எழுந்து நிற்கிறார்களா என்று பார்ப்பாய். எழுந்து நிற்பார்கள். அந்தக் கூச்சலில் பக்கத்துக் குரல் கேட்காது.

உனக்கு வலது பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், ஃபௌஸி. கையை நீட்டினால் தொடுகிற தூரம். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் நீ திரும்புவாய் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச காலம் கழித்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்புறம் வாய்க்குள்ளேயே.

துர்ரா திரும்பிப் பார்த்தாள்.

ஜூனில் வா. ஹல்ஃபாவீனுக்கு இல்லை, இங்கே. வயலினை எடுத்து வா. கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். வேறு யாரையும் கூப்பிடப் போவதில்லை.

எம்னா